வீட்டில் எத்தனை பேர்?

குணேஸ்வரிக்கு இரண்டு வீடு என்றால் நுரைச்சோலை ஊரே சிரிக்கும். ஒன்று, அவள் குடியிருக்கும் தகரக் கொட்டில். மற்றது, முல்லைத்தீவில் மகள் மதுசாவின் பெயருக்கு வரப்போகும் அரசாங்க வீட்டுத்திட்ட வீடு. யுத்தத்துக்குப் பயந்து ஓடி வந்து இந்தக் கரையில் ஒதுங்கிய சனத்தில் பாதிக்கு இதே சீவியந்தான். ஆள் இங்கே, பதிவு அங்கே. சொந்த ஊரில் குடியிருப்பவர்களுக்குத்தான் வீடு என்றார்கள். வீடில்லாமல் எங்கே குடியிருப்பது என்று கேட்டால் பதில் சொல்ல ஒருவருமில்லை.

மருமகன் கௌசிகன் கட்டாரில். மதுசா முல்லைத்தீவில் கர்ப்பிணிக் கிளினிக் அட்டை போட்ட கையோடு தாயிடம் வந்துவிட்டாள். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தானே? ஆனால் அவள் இங்கே இருப்பது வெளியே தெரிந்தால் வீடு கைநழுவிப் போய்விடும். ஆகவே எட்டாம் மாதமாகியும் மதுசா உள்ளறையை விட்டு வெளியே வரவில்லை.

அன்று காலை படலையடியில் இரண்டு பேர். ஒருத்தி டயனா, சிலாபத்துப் பெண். பிறப்பு, இறப்பு, வெளிநாடு போனவர்கள் பற்றி ஏதோ ஆராய்ச்சிக்கு வீடுவீடாகக் கேட்டு வருகிறாளாம். வழிகாட்ட வந்தவள், கர்ப்பிணிகளை வீடு தேடிப் பார்க்கும் ஊர் மருத்துவமாது ஸுல்பிகா.

மதுசாவுக்கு விடிந்ததிலிருந்து தலையிடி. கால்கள் வீங்கிப் போயிருந்தன. உள்ளறையில் அவள் தாயின் சீலையைப் பிடித்து இழுத்தாள்.

"அம்மா, மிஸ்ஸெல்லே வந்திருக்கிறா? பிரஷர் பார்க்கச் சொல்லணை."

"வாயை மூடடி. வீடு போயிடும்."

வெளியே வந்த குணேஸ்வரியிடம் டயனா கேட்டாள். "வீட்டில எத்தனை பேர் அம்மா?"

"நான் ஒராள்தான் தங்கச்சி. மகள் முல்லைத்தீவில."

"மகளுக்கு விசேசம் ஏதும் உண்டா?" என்றாள் ஸுல்பிகா.

"ஓம் மிஸ். எட்டு மாசம். அங்க நல்லாப் பார்க்கினம்."

"தலையிடிச்சா, கால் வீங்கினா உடனே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லுங்க. அசட்டையா இருந்துடப் போறா."

குணேஸ்வரியின் பார்வை உள்ளறை வாசலில் தொங்கிய சீலைக்குப் போய் மீண்டது. பிரஷர் பார்க்கும் கருவி ஸுல்பிகாவின் தோள்பையிலேயே இருந்தது. ஒரு வார்த்தை சொன்னால் போதும். பாழாய்ப்போன வாய் திறக்கவில்லை. நாளைக்குத் தங்களைத் தெரியாத வேறு ஊர் டொக்டரிடம் காட்டுவோம் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

பொழுது சாயும்போது மதுசாவுக்கு வலிப்பு வந்தது. ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். மதுசாவும் வயிற்றுப் பிள்ளையும் திரும்பி வரவில்லை. முல்லைத்தீவு வீடு வேறு யாருக்கோ போயிற்று.

அடுத்த வருடம் டயனா மறுபடியும் வந்தாள், தனியாக.

"போன முறைக்குப் பிறகு இந்த வீட்டில யாரும் மோசம் போனாங்களா அம்மா?"

"ஓம். என்ர மகள். வயித்துப் பிள்ளையும்."

டயனாவின் முகம் வாடிவிட்டது. போன வருடத்துப் பதிவு இருந்த போனைப் பார்த்தபடி தயங்கித் தயங்கிச் சொன்னாள். "ஆனா அவங்க முல்லைத்தீவிலதானே இருந்தாங்க? இந்த வீட்டுக் கணக்கில சேர்க்க ஏலாதே அம்மா. அங்க கேட்பாங்க."

அங்கே யாரிடம் கேட்பார்கள்? குணேஸ்வரி எழுந்து போய் உள்ளறைச் சீலையை விலக்கினாள்.

"இஞ்ச வந்து பார் பிள்ளை. இந்தப் பாயிலதான் இருந்தவள். நீ முத்தத்தில நிண்டு கேட்கேக்க உயிரோட இருந்தவள். நான்தான் ஒராள் எண்டு சொன்னனான்."

டயனாவின் கையிலிருந்த போன் மெல்லத் தாழ்ந்தது.

"இப்ப எழுது, ஒராள் எண்டு. இப்ப அது பொய்யில்லை."