கேப்டனின் சிவப்புக் கோடு

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவில் பொறியியல் கல்லூரி நடத்தும் நவநீதகிருஷ்ணன், பெயருக்கு முன்னால் 'கேப்டன்' என்று போட்டுக்கொள்வார். எப்போது, எதை ஓட்டினார் என்று யாரும் கேட்டதில்லை. பறக்கத் தகுதியில்லை என்று எங்கோ கழித்துப் போட்ட பழைய நாலு சீட்டு விமானத்தை லாரியில் ஏற்றி வந்து கல்லூரி ஷெட்டில் நிறுத்தியிருந்தார். விமானம் இருக்கிறது, ஆகவே கேப்டன். ஊருக்கு அது போதும்.

விருந்தாளி வந்தால் மட்டும் அதில் ஏறுவார். ஷட்டரை இறக்கி, விமானத்துக்குள் கூரையில் இருந்த கிழட்டுச் சிவப்பு விளக்கைப் போடுவார். "ராத்திரி வானத்துல இப்படித்தான் இருக்கும்" என்பார். எதிரே இருக்கும் வட்ட மீட்டர்களில் எது எதைக் காட்டுகிறது என்று அந்த மங்கலில் யாருக்கும் தெரியாது. அவருக்கும் தெரியாது என்பதும் அந்த மங்கலில் தெரியாது.

இந்த வருஷம் விமானப் பிரிவைத் தொடங்கிவைக்கச் சப்ரீன் வருவதாக ஏற்பாடு. ராஜபாளையத்து ஜவுளிக்கடைக்காரர் மகள். வெளிமாநிலத்தில் விமானம் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். அந்தப் பெண் நாலு கேள்வி கேட்டால் பெயர்ப்பலகையைக் கழற்ற வேண்டியதுதான். கேப்டன் ஒரு விமானக் கைடு வாங்கிக் கதவைச் சாத்திக்கொண்டு நெட்டுருப் போட்டார். மீட்டரில் சிவப்புக் கோடு இருந்தால் அதைத் தாண்டக் கூடாது என்பது மட்டும் மண்டையில் நின்றது.

சரி, விளக்கையாவது ஜோராக மாற்றிவிட்டால் பேச்சு விளக்கோடு முடிந்துவிடும். ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ்களுக்கு லைட் கட்டும் பாண்டிசெல்வியை வரவழைத்தார்.

"நீலமும் பச்சையுமா ஓடுற மாதிரிப் போடும்மா."

"அதெல்லாம் டூரிஸ்ட் பஸ்ஸுக்கு சார். முள்ளு தெரியணும்னா வெள்ளைதான்" என்று, மீட்டர் பலகையின் மேல்விளிம்புக்கு அடியில் பொடி எல்.இ.டி.களை வரிசையாக ஒட்டி, வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு குமிழும் வைத்தாள். சிறப்பு விருந்தினர் கையால்தான் முதலில் எரிய வேண்டும் என்பது கேப்டனின் உத்தரவு. அதனால் அவரே பார்க்கவில்லை.

விழா அன்று கேப்டன் இடது சீட்டில் கம்பீரமாக உட்கார்ந்தார். வலது சீட்டில் இருந்த சப்ரீன் சுவிட்சைத் தட்டினார்.

பளிச்சென்று எரிந்தது. ஒவ்வொரு மீட்டரிலும் ஒரு சிவப்புக் கோடு. கேப்டனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. படித்த ஒரே பாடம் எல்லா மீட்டரிலும் வந்து நிற்கிறதே.

"இது வேகம். இந்தச் சிவப்பைத் தாண்டக் கூடாது."

"கரெக்ட் சார்."

"இது உயரம். இதுக்கு மேல ஏறக் கூடாது."

சப்ரீன் குனிந்து பார்த்தார். "அப்ப இந்தத் திசைகாட்டியில?"

"அந்தப் பக்கம் போகக் கூடாது. மேற்கால மலை இருக்குல்லா."

"இது கடிகாரமாச்சே சார்?"

கோட்டின் நுனி நாலைத் தொட்டிருந்தது. கேப்டன் விடவில்லை. "நாலு மணிக்கு மேல பறக்கக் கூடாது."

கதவோரம் நின்ற வாட்ச்மேன் மாரிச்சாமிக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. "ஐயா, அது நான் ஆயுத பூசைக்கு வச்ச குங்குமம். ஆண்டாள் கோயில் குங்குமம்ங்கிறதால நாமம் மாதிரி ஒரே இழுப்பா இழுத்துட்டேன். ஒண்ணுக்கு வச்சு ஒண்ணுக்கு வைக்காம விட்டா நல்லாவா இருக்கும்? அம்புட்டுக்கும் வச்சேன்."

"இத்தன நாளா தெரியலியே" என்றார் கேப்டன், ஈனமான குரலில்.

"சிவப்பு லைட்டுல சிவப்பு எங்க சார் தெரியும்? அதுக்குத்தான வெள்ள போடுறது" என்றாள் பின் சீட்டில் இருந்த பாண்டிசெல்வி.

சப்ரீன் சிரிப்பை அடக்கப் பார்த்துத் தோற்றார். கேப்டன் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, "நீங்க இங்க உட்காருங்கம்மா, இது கேப்டன் சீட்டு" என்று எழுந்திருக்கப் போனார்.

"உட்காருங்க சார். பயிற்சியில இடது பக்கம் படிக்கிறவங்க உட்கார்ற சீட்டுதான். சொல்லிக் கொடுக்கிறவங்க இங்கிட்டுதான் இருப்போம். முதல்ல துணி எடுத்து அந்த மீட்டர் கண்ணாடியத் தொடைங்க, ஆரம்பிக்கலாம்."

நவநீதகிருஷ்ணன் பட்டுத் துண்டை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார். பாதியில் பாண்டிசெல்வி பக்கம் திரும்பி, "வெளிச்சத்தச் செத்த கொறைம்மா" என்றார்.

"குமிழு உங்க கிட்டதான் இருக்கு சார்."

தேடித் தேடி ஒன்றைப் பிடித்துத் திருகினார். கடிகாரத்து முள் சுற்றி, நாலு மணியைத் தாண்டியது.