முப்பத்தேழாம் தட்டு

எங்கள் வீட்டில் அந்தப் பாட்டுக்குப் பேர் முப்பத்தேழு. வேறு பேர் எங்களுக்குத் தெரியாது.

அப்பா சின்னான் சிங்காநல்லூரில் சவுண்ட் சர்வீஸ் வைத்திருந்தார். கல்யாணம், காதுகுத்து, கோயில் நோம்பி என்று எங்கே போனாலும் இசைத்தட்டுகள் இன்னொருவர் பெட்டியில் கலந்துவிடும். அதனால் புதிதாக எந்தத் தட்டு வந்தாலும், நடுவட்டத்தின் மேல் வெள்ளைத்தாளை வெட்டி ஒட்டி, தன் பேரையும் ஒரு எண்ணையும் எழுதிவிடுவார். மைதாப் பசையில் பூச்சி அரிக்காதிருக்க மயில்துத்தம் கலந்திருப்பார். லேசில் உரியாது. ஒரு தட்டில் அண்ணன் உரித்துப் பார்த்தபோது கீழே இருந்த அச்சும் தாளோடு வந்துவிட்டது. அதற்குப் பிறகு எதையும் தொடவில்லை.

அண்ணன் தமிழ்வேந்தன் சேர்த்த தட்டுகளுக்கும் அதே தாள்தான். அமெரிக்காவில் தெருப்பையன்கள் ஆடுவதற்காகப் போட்ட பாட்டுகள் அவை. மெஷின் கொட்டும் தாளம், அதன்மேல் பாடாமல் பேசிக்கொண்டே போகும் ஆட்கள். ஊரில் எல்லோரும் பிரேக் டான்ஸ் பாட்டு என்பார்கள். அண்ணன் மட்டும் இது எலக்ட்ரோ, இது ஹிப்-ஹாப் என்று பிரித்துச் சொல்வார். யாரும் கேட்டதில்லை, இருந்தாலும் சொல்வார்.

முப்பத்தேழு மேட்டுப்பாளையத்துப் பழைய சாமான் கடையிலிருந்து வந்தது. கோத்தகிரியில் இருந்த ஒரு வெள்ளைக்கார டீச்சர் ஊருக்குத் திரும்பும்போது விற்றுப்போன சாமான்களில் கிடந்ததாம். உறை இல்லை. அண்ணன் கொடுத்தார், அப்பா தாள் ஒட்டினார். அதற்குமுன் பேரைப் படித்து வைக்க வேண்டும் என்று இருவருக்கும் தோன்றவில்லை.

மற்ற தட்டுகளில் இருப்பதுபோல அதில் ஆள் குரல் கிடையாது. இடையிடையே ஒரு மெஷின் நாலு வார்த்தை பேசும். கனமாக, தூக்கத்தில் எழுப்பிவிட்ட ராட்சசன் மாதிரி. அண்ணன் அதற்கு ஓர் ஆட்டம் கட்டினார். மற்ற கோஷ்டிகள் உதறியும் சுழன்றும் ஆடியபோது அண்ணன் மேடையில் தண்ணீருக்குள் நடப்பவர்போல நடந்தார். ஒரு கை மேலே போய்ச் சேர்வதற்குள் கூட்டம் அமைதியாகிவிடும். சூலூர் வரைக்கும் அவருக்கு ஸ்லோமோஷன் வேந்தன் என்றுதான் பேர்.

அது எண்பத்தாறில். இப்போது தொண்ணூற்றாறு. அப்பா போய்விட்டார். குழாய் ஒலிபெருக்கிகளையும் கொடுத்துவிட்டோம். நான் ஒன்பதாம் வகுப்போடு நின்று, வீட்டிலேயே மோட்டாருக்குக் காயில் சுற்ற உட்கார்ந்துவிட்டேன். அண்ணன் மில்லுக்குப் போகிறார். நாளெல்லாம் நின்று நின்று வலது முழங்கால் மடங்க மறுக்கிறது. கோஷ்டி கலைந்துவிட்டது. பாட்டைப் பதிந்து வைத்த கேசட் இழுபட்டுப் போனது. தட்டிலும் பாதியில் ஒரு கீறல், அங்கே வந்தால் ஊசி தாவி ஓடிவிடும். ஆனாலும் சேர்ப்பதை மட்டும் அண்ணன் விடவில்லை. இப்போது சீடியாக வாங்கி அலமாரியில் அடுக்குகிறார்.

இந்த வருஷம் சித்திரை நோம்பிக்குப் பழைய ஆட்கள் ஒரே ஒரு ஆட்டம் ஆட வேண்டும் என்று கமிட்டிக்காரர்கள் வந்து கேட்டார்கள்.

"முப்பத்தேழு சுத்தமாக் கெடச்சா ஆடறேனுங்க. இல்லீன்னா என்னைய உட்டுருங்க," என்றார் அண்ணன்.

அவர்கள் போன பிறகு சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். மில்லிலிருந்து வந்தால் இப்போதெல்லாம் அப்படித்தான். இந்தத் தடவை ஆடாவிட்டால் இனி ஆடமாட்டார் என்று எனக்குத் தெரிந்தது. அந்த முதுகைப் பார்த்துக்கொண்டே காயில் சுற்ற என்னால் முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தாமிரக்கம்பி வாங்கும் சாக்கில் அண்ணனோடு டவுன்ஹால் பக்கம் போனேன். அங்கே கரீம் பாய் ரெக்கார்டிங் சென்டர் வைத்திருக்கிறார். அண்ணன் அந்தப் பழைய கேசட்டை மறுபடி நீட்டினார்.

"தம்பி, இத எத்தன பேருக்குப் போட்டுக் காட்டறது? சரவணம்பட்டி காலேஜ் பசங்க, வாரம் தவறாம ராப் சீடி வாங்கறவுங்க, அவுங்களுக்கே தெரியல. ஒருத்தன் கேக்கறான், ஏனுங்க பாய், டேப்புக்கு ஒடம்பு செரியில்லீங்களான்னு."

அண்ணன் சிரிக்கவில்லை.

"பேரச் சொல்லு, பம்பாய்ல இருந்து வரவெச்சுத் தாரேன். பேரில்லாத புள்ளைய எந்த ஊட்டுக் கதவத் தட்டித் தேடறது?"

"பேரு பேப்பருக்குக் கீழ இருக்குதுங்க பாய்."

"அப்ப பேப்பரக் கேளு. என்னைய எதுக்குக் கேக்கறே?" என்றவர், வாசற்படியில் நின்ற என்னைப் பார்த்தார். "ஏனம்மணி, வெயில்ல நிக்கறே? உள்ள வா. உங்கண்ணன் கடிக்கமாட்டான். அவன்ற பாட்டுத்தான் கடிக்குது."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். முன்பின் பழகாதவர் பேசினால் எனக்கு வாய் வராது.

பஸ்ஸில் அண்ணன் கேட்டார். "நீ உரிச்சுத் தாரயா மெர்சி? கம்பியில எனாமல் சொரண்டற கை உன்றது."

"அச்சும் சேந்து வந்துருச்சுன்னா என்னுங்ணா பண்றது?"

"வந்தா வருது. எத்தன நாளைக்குப் பாத்துட்டு இருக்கறது."

மறுநாள் அண்ணன் ஷிப்டுக்குப் போனதும், பஞ்சை நனைத்துப் பிழிந்து அந்தத் தாளின்மேல் மட்டும் வைத்தேன். காய்ந்தால் மறுபடி நனைத்தேன். அம்மா பழனியாத்தாள் வெங்காயம் உரித்துக்கொண்டே பார்த்தாள்.

"சீக்காளிக்கு நெத்தியில பத்துப் போட்டாப்பல இருக்குது. காயிலு கேட்டு ஆளு வந்தா இதையா குடுக்கப் போறே?"

மத்தியானத்துக்குமேல் ஓரம் தூக்கியது. பிளேடை வைத்து நூல் நூலாகத் தள்ளினேன். அப்பாவின் எழுத்து கூழாகிப் போனது, அதைத்தான் பார்க்க முடியவில்லை. கீழே நீல அச்சு பாதிக்குமேல் தப்பியிருந்தது. பேரை எழுத்துக் கூட்டிப் படித்தேன். முப்பத்தேழைவிட நல்ல பேராக எனக்குப் படவில்லை. அதன் பக்கத்தில் சின்னதாக நாற்பத்தைந்து என்று போட்டிருந்தது.

முதலில் புரியவில்லை. பிறகு பிளேயரின் குச்சியைப் பார்த்தேன். வேகத்தை மாற்றும் குச்சி அது. நிமிஷத்துக்குப் பெரிய தட்டு முப்பத்து மூன்று சுற்று, சின்னத் தட்டு நாற்பத்தைந்து. இது அப்பா எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த கணக்கு. சினிமாப் பாட்டுத் தட்டுகள் எல்லாம் அப்படித்தான் இருந்தன. முப்பத்தேழு பெரிய தட்டு, அதனால் முப்பத்து மூன்றில்தான் ஓட்டினோம்.

குச்சியை நாற்பத்தைந்தில் வைத்து ஊசியை இறக்கினேன்.

அது வேறொரு பாட்டு. தாளம் படபடவென்று அடித்தது. ராட்சசன் காணாமல் போய், ஏதோ பொம்மை சுறுசுறுப்பாகப் பேசியது. இத்தனை வருஷமும் நான் அந்தப் பழைய மெதுவான தாளத்துக்குத்தான் காயில் சுற்றியிருக்கிறேன், கைப்பிடி ஒரு சுற்றுக்கு ஓர் அடி. இப்போது சுற்றிப் பார்த்தேன். கை ஈடுகொடுக்கவில்லை.

"அந்தப் பாட்ட ஆரு தொரத்தறா?" என்றாள் அம்மா.

பேரை மட்டும் எழுதிக்கொடுத்துவிட்டுப் பேசாமல் இருந்துவிடலாமா என்று பார்த்தேன். ஆனால் சீடி வந்தால் அதுவே சொல்லிவிடும். அதற்கு நான் சொல்வது மேல்.

அண்ணன் வந்து சாப்பிட்டு முடித்ததும் போட்டுக் காட்டினேன். எழுந்து நின்றார். ஆட்டத்தின் முதல் அடி, வலது கையைத் தூக்க வேண்டும். கை தோளுக்கு வருவதற்குள் பாட்டு எங்கோ போய்விட்டது. இன்னொரு தடவை போடச் சொன்னார். வேகமாகத் திரும்பப் பார்த்தார், முழங்கால் பிடித்துக்கொண்டது. கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

"பெரிய தட்டுன்னா முப்பத்து மூணுன்னு அப்பா சொன்னதுதானுங்ணா."

"அப்பா சொன்னது செரிதான். சினிமாத் தட்டுக்கு."

சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். எனக்கு அவர் திட்டியிருந்தாலே தேவலாம்போல இருந்தது.

அடுத்த ஞாயிறு பேரைக் கொண்டுபோனோம். கரீம் பாய் சீட்டைப் பார்த்துவிட்டு, கை எட்டும் தூரத்தில் இருந்த அடுக்கிலிருந்து ஒரு சீடியை உருவினார். பழைய எலக்ட்ரோ பாட்டுகளின் தொகுப்பு.

"ரெண்டு வருசமா இங்கதான் கெடக்குது தம்பி. நீ இதுக்குக் கீழயே நின்னு கேட்டுட்டு இருந்திருக்கறே." போட்டுக் காட்டினார். கீறல் இல்லை, இரைச்சல் இல்லை, கண்ணாடி மாதிரி இருந்தது. வேகமாகத்தான் இருந்தது.

"இத மெதுவா ஓட்ட முடியுங்களா பாய்?"

"சீடிக்கு ஏது தம்பி குச்சி? அது போற போக்குலதான் போகும்."

அண்ணன் அதை வாங்கிக்கொண்டார். பஸ்ஸில் உறையைப் பிரித்து, பின்னால் இருந்த பேர்களை எல்லாம் படித்தார். உப்பிலிபாளையம் தாண்டிய பிறகு மூடினார்.

"நல்லாத்தான் இருக்குது. நான் ஆடுனது இதில்ல."

"நோம்பிக்கு என்னுங்ணா சொல்லப் போறீங்க?"

அண்ணன் வீட்டுக்கு வந்து சீடியை மற்றதோடு அலமாரியில் வைத்தார். பிறகு தட்டைக் கையில் எடுத்து, நீல அச்சைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"பேப்பர மறுக்கா ஒட்டிப்போடு அம்மணி. நம்பரு போடு."

"கீறலு?"

"நீ பக்கத்துல உக்காந்து ஊசியத் தூக்கி வெய்யி."

"நானுங்களா? அத்தன சனம் இருக்குமே."

"அந்த எடம் வேற ஆருக்குத் தெரியும்? படுதாவுக்குப் பின்னால உக்காந்துக்க. உன்னைய ஒருத்தரும் பாக்கமாட்டாங்க."

அம்மாதான் பசை காய்ச்சினாள். நான் எண்ணை எழுதினேன். அப்பா எழுதுவதுபோல வரவில்லை.

நோம்பியின் கடைசி நாளான மஞ்சள் நீராட்டு அன்று, பொழுது சாயும் நேரத்தில் மேடை. புது சவுண்ட் சர்வீஸ்காரர் எங்கள் பிளேயரைப் பார்த்துச் சிரித்தார், ஆனாலும் ஒயர் கொடுத்தார். படுதாவின் கிழிசலில் அண்ணனின் முதுகு தெரிந்தது. குச்சி முப்பத்து மூன்றில் இருக்கிறதா என்று தடவிப் பார்த்து ஊசியை இறக்கினேன்.

ராட்சசன் எழுந்தான். அண்ணன் கை மேலே போனது. மஞ்சள் தண்ணீரோடு ஓடிக்கொண்டிருந்த பையன்கள் நின்றார்கள். உட்கார்ந்து எழும் அடிகளை அண்ணன் விட்டுவிட்டார், நின்றபடியே ஆடினார். கீறல் வந்தது. தாவுவதற்கு முன்பே ஊசியைத் தூக்கினேன். சுழலும் தட்டில் கீறலின் மறுபுறத்தைக் கண்ணால் பிடிக்க வேண்டும், உடனே இறக்க முடியவில்லை. பாட்டே இல்லை. அண்ணன் ஒரு கையை நீட்டியபடி அசையாமல் நின்றார். திரும்பிப் பார்க்கவில்லை. கீறலுக்கு அப்பால் ஊசியை வைத்தேன். நீட்டிய கை அங்கிருந்தே நகர்ந்தது.

யாரோ விசிலடித்தார்கள். இடையில் பாட்டு நின்றதுகூட ஆட்டத்தில் சேர்த்தி என்று நினைத்திருப்பார்கள்.

முடிந்ததும் அண்ணன் படுதாவுக்குப் பின்னால் வந்து, ஸ்பீக்கர் பெட்டிமேல் உட்கார்ந்து முழங்காலைப் பிடித்துவிட்டுக்கொண்டார். மூச்சு வாங்கியது.

"இன்னொருக்கா ஆடச் சொல்றாங்க," என்றேன்.

"சொல்லுவாங்க." தட்டை எடுத்து வேட்டி முனையால் துடைத்து என்னிடம் கொடுத்தார். "போலாம் அம்மணி. காலைல ஷிப்டு."