விரிப்பின் முதுகு

வெல்டா நிக்கிள் சாயம் காய்ச்சும்போது அளவு பார்க்க மாட்டாள். கரண்டி, தராசு, குறிப்பேடு எதுவும் அவளுக்கு ஆகாது. பானையில் தண்ணீர் கொதித்ததும் மூன்று விரலால் பொடியைக் கிள்ளிப் போடுவாள், கம்பளித் துணியை உள்ளே அமுக்குவாள், ஜன்னல் வழியாகத் துறைமுகத்தை ஒரு பார்வை பார்ப்பாள். "இன்னும் கொஞ்சம் பச்சை வேணும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு மறுபடி கிள்ளுவாள். வெளியே எடுத்தால் அன்றைய கடல் அப்படியே அவள் கையில் சொட்டிக்கொண்டு தொங்கும். அதே நிறத்தை மறுவாரம் கொண்டுவரச் சொன்னால் மட்டும் அவளாலும் முடியாது. கடலே மாறிப்போச்சு, என் மேல என்ன தப்பு என்று சண்டைக்கு வருவாள்.

அப்படி ஒரு பெண்பிள்ளை. அறுபத்தோரு வயது, பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறவள். பனியிலும் புயலிலும் இருபத்தாறு வருஷம் வண்டி ஓட்டி ஒரு கண்ணாடி கூட உடைத்ததில்லை என்பதால், உலகத்தில் எதுவும் தன் கையில் தப்பாகப் போகாது என்று ஒரு திடமான நம்பிக்கை. ஊரும் அதை நம்பித்தான் வந்தது.

நோவா ஸ்கோஷியாவின் தென்கரையில் டோரி கோவ் சின்ன ஊர். வியாழக்கிழமை காலையில் தீயணைப்பு நிலையத்து மாடிக் கூடத்தில் பதினான்கு பெண்கள் மரச்சட்டமும் கொக்கியும் கூடையுமாகக் கூடிவிடுவார்கள். கம்பளித் துணியை நாடா நாடாவாகக் கிழித்து, சணல் துணிக்கு அடியில் பிடித்துக்கொண்டு, மேலிருந்து கொக்கியை விட்டுக் கண்ணி கண்ணியாக இழுத்து விரிப்புப் போடுவது அவர்கள் வேலை. கம்பளி விஷயத்தில் இவர்களுக்கு வெட்கம் மானம் கிடையாது. சாவு வீட்டில் துக்கம் விசாரிக்கும்போதே, பக்கத்தில் நிற்கிறவர் கோட்டை விரலால் உரசிப் பார்த்து நூறு சதவீதம் கம்பளியா என்று கண்டுபிடித்துவிடுவார்கள். அந்தக் கூடத்துக்கு வருகிற ஆண்கள் கோட்டைக் கழற்றுவதே இல்லை.

செப்டம்பரிலிருந்து பதினான்கு பேரும் சேர்ந்து ஒரே விரிப்புப் போட்டுக்கொண்டிருந்தார்கள். எட்டடிக்கு ஐந்தடி. படகுத்துறை, கலங்கரை விளக்கம், மலையேறும் வீடுகள், மற்றதெல்லாம் கடல். பதினோரு வருஷம் டாக்டர் இல்லாமல் கிடந்த ஊருக்கு ஒருவழியாக மருத்துவ நிலையம் கட்டியிருந்தார்கள். இந்தப் பிப்ரவரி மாதம், வருகிற சனிக்கிழமை திறப்பு. நோயாளிகள் காத்திருக்கும் அறையின் பெரிய சுவருக்கு இந்த விரிப்பு என்று ஊரே வாக்குக் கொடுத்தாகிவிட்டது. சுவரில் கொக்கிகூட அடித்துவிட்டார்கள். கடலுக்கு வேண்டிய கம்பளி முழுவதையும் ஆகஸ்டிலேயே ஒரே காய்ச்சலில் வெல்டா காய்ச்சிக் கொடுத்திருந்தாள்.

இன்று வியாழன். வலது கீழ் மூலையில் ஒரு தட்டு அளவு கடல் பாக்கி. கூடை காலி.

"அடியில பாரு" என்றாள் வெல்டா.

"அடியிலயும் பார்த்தாச்சு. இனிமே கூடையத்தான் கிழிச்சுப் போடணும்" என்றாள் ஏர்லீன். இந்த விரிப்புச் சங்கத்துத் தலைவி, வெல்டாவின் பெரியப்பா மகள், சாயத்துக்குக் கால் கரண்டி அரைக் கரண்டி என்று நோட்டுப் போட்டு எழுதி வைக்கிறவள். "குறிப்பு எழுதி வெச்சிருந்தா இன்னிக்கே காய்ச்சியிருக்கலாம். இப்ப என்ன பண்ணப் போற, ஆகஸ்ட் மாசத்துக் கடல எங்க போய்த் தேடுவ?"

"நான் காய்ச்சினது பத்தும்டி. பரப்புக்கு நாலு மடங்கு, அதுக்கு மேல ஒரு கைப்பிடி. என் கணக்கு என்னைக்குத் தப்பியிருக்கு? யாரோ அடைச்சிருக்காங்க."

அந்த வார்த்தை விழுந்ததும் கொக்கிகள் நின்றன. அடைப்பது என்பது புதிதாக வருகிறவர்கள் செய்கிற தப்பு. சணல் துணியின் ஒவ்வோர் ஓட்டையிலும் கண்ணி இழுத்துவிடுவார்கள். மேலே பார்த்தால் நெருக்கமாக, அழகாகத்தான் இருக்கும். ஆனால் கம்பளி ஒன்றரை மடங்கு குடிக்கும், சட்டத்திலிருந்து இறக்கினால் விரிப்பு மேடு தட்டிப் படியாமல் நிற்கும். வந்து சேர்கிற ஒவ்வொருத்திக்கும் வெல்டா முதல் நாளே சொல்லிக்கொடுப்பது ஒன்றுதான்: ஒண்ணு இழு, ஒண்ணு விடு.

வெல்டாவின் கண் நேராகப் பாலெட்டிடம் போய் நின்றது. பாலெட் தூரத்துச் சட்பரி நகரில் வரி அலுவலகத்தில் இருந்து ஓய்வு பெற்று, இரண்டு வருஷம் முன்பு இங்கே சாலை வளைவில் இருக்கும் நீல வீட்டை வாங்கிக்கொண்டு வந்தவள். பதினான்கு பேரில் அவள் ஒருத்திதான் வெளியூர்க்காரி.

"பாலெட், தப்பா எடுத்துக்காதீங்க, உங்க கை கொஞ்சம் இறுக்கம். வரி ஆபீஸ்ல இருந்தவங்க இல்லையா? ஒரு ஓட்டையையும் சும்மா விட மனசு வராது."

கூடம் சிரித்தது. நல்ல நகைச்சுவைதான், அதுதான் கெடுதல். பாலெட்டின் முகம் சிவந்து, பிறகு வெளுத்தது.

"நீங்க சொன்ன மாதிரிதான் செஞ்சேன், வெல்டா. ஒண்ணு இழு, ஒண்ணு விடு."

"எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க, கண்ணு."

பாலெட் கொக்கியைத் துடைத்து உறையில் போட்டாள். கத்தரிக்கோலைப் போட்டாள். கொண்டுவந்த கருப்புப் பாகு ரொட்டியை மட்டும் மேஜை மேல் விட்டுவிட்டு, "அப்ப என் கை இதுல வேண்டாம். வேற எதுலயும் வேண்டாம்" என்றாள். கோட்டை மாட்டிக்கொண்டு, கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு இறங்கிப் போனாள். அறைந்து சாத்தியிருந்தால் கூட வெல்டாவுக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"போதுமா?" என்றாள் ஏர்லீன். "ரெண்டு வருஷமா ஒரு வியாழன் விடாம வந்தவ. வாய் இருக்கே உனக்கு."

"உண்மையச் சொன்னேன்."

"அப்ப இறக்கிப் பார்த்துடலாம்."

யாருக்கும் அதில் இஷ்டமில்லை. முடியாத விரிப்பைத் திருப்பிப் பார்ப்பது டோரி கோவ் சங்கத்தில் வழக்கம் இல்லை. அடுத்தவள் அலமாரியைத் திறந்து பார்ப்பது போல அநாகரிகம் அது. மேல்பக்கம் யாரை வேண்டுமானாலும் ஏமாற்றும், முதுகு ஏமாற்றாது. ஆனாலும் ஆணிகளைக் கழற்றி, நான்கு பேராகத் தூக்கி, விரிப்பைத் தரையில் குப்புறப் போட்டார்கள்.

பாலெட்டின் பகுதி படகுத்துறைக்குப் பக்கத்துத் தண்ணீர். அதன் முதுகு பாடப்புத்தகத்தில் போடலாம். ஒரு கண்ணி, ஓர் இடைவெளி, ஒரு கண்ணி, சணல் துணி சீராக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. வெல்டாவின் காது சூடேறியது.

மேடு வேறிடத்தில் இருந்தது. கலங்கரை விளக்கத்துக்குக் கீழே, மூன்று சதுர அடி. சணல் என்று ஒரு பொருள் அங்கே இருப்பதாகவே தெரியவில்லை. ஊசி நுழைய இடமில்லாமல் அப்படி ஓர் அடைப்பு. முழங்கை வைத்து அழுத்தினாலும் படியவில்லை.

"கடவுளே, இது யாரு போட்டது?" என்றாள் ஏர்லீன். ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். சட்டத்தைச் சுற்றிச் சுற்றி எல்லாரும் உட்கார்ந்திருக்கிறார்கள், எந்த வாரம் யார் எங்கே போட்டார்கள் என்று யாருக்கு ஞாபகம்.

வெல்டாவுக்கு ஞாபகம் இருந்தது. நவம்பர் கடைசியில் கூடத்தில் தீயணைப்பு வீரர்களின் விருந்து என்பதால் சட்டம் ஒரு வாரம் அவள் வீட்டு முன்னறையில் இருந்தது. சிங்கி இறால் பிடிக்கும் பருவம் தொடங்கும் வாரம். படகுகளெல்லாம் இறால் பொறிகளை மலைபோல் அடுக்கிக்கொண்டு விடியலில் போயின. அவள் மகள் டானா முதல் தடவையாகத் தானே தலைமை ஏற்று அப்பாவின் படகை எடுத்துக்கொண்டு போயிருந்தாள், அப்பாவுக்குத் தோள்பட்டை போய்விட்டதால். மதியம் காற்று திரும்பியது. மூன்று மணிக்குள் மற்றப் படகுகள் கரைக்கு வந்துவிட்டன. டானாவின் படகு வரவில்லை, வானொலியில் பதிலும் இல்லை. கணவன் துறைக்கு ஓடினான். வெல்டா ஓடவில்லை. ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சட்டத்தின் முன் உட்கார்ந்து கண்ணி இழுத்தாள். இழுத்துக்கொண்டே இருந்தாள். இருட்டுவதற்குள் டானா வந்துவிட்டாள், பாட்டரிக்குள் தண்ணீர் புகுந்திருக்கிறது, அவ்வளவுதான் விஷயம். ஞாயிற்றுக்கிழமை தேவாலய வாசலில் வெல்டா ஊர் முழுக்கக் கேட்கச் சொன்னாள்: "எனக்குத் துளி பயம் இல்ல. நிம்மதியா உக்காந்து மூணடி கடல் போட்டேன்."

அந்த மூன்றடி நிம்மதி இதோ முதுகைக் காட்டிக்கொண்டு கிடந்தது.

வாயை மூடிக்கொண்டு இருந்துவிடலாம். பதினான்கு கைகளில் எந்தக் கை என்று யாரும் சத்தியம் பண்ண முடியாது. வெளியூர்க்காரிதான் போய்விட்டாள், பழியும் அவளோடு போகும். ஒரு நிமிஷம், முழுசாக ஒரு நிமிஷம், வெல்டா அப்படி நினைத்தாள். பிறகு அவளுக்குத் தன் மேலேயே அருவருப்பு வந்தது.

"என்னோடது" என்றாள்.

"என்ன?"

"அடைச்சது நான்தான். காது கேக்கலியா? கம்பளியத் தின்னது நான். பாலெட் இல்ல."

 வெல்டா கோட்டைக்கூட எடுக்காமல் படியிறங்கினாள்.

கீழே பாலெட் காரின் முன்கண்ணாடியில் படிந்த பனிக்கட்டியைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"பாலெட், நான் சொன்னது தப்பு. அடைச்சது நான்."

சுரண்டல் நிற்கவில்லை. "என்னைச் சொன்னது எல்லார் முன்னாடியும். இது மட்டும் தனியா வந்து சொல்றீங்க."

"மேல சொல்லிட்டுத்தான் வர்றேன். வேணும்னா வந்து கேட்டுப் பாருங்க. ஏர்லீன் திறந்த வாய இன்னும் மூடியிருக்க மாட்டா."

பாலெட் சுரண்டுவதை நிறுத்தினாள். "நீங்களா அடைச்சீங்க? எங்களுக்கெல்லாம் சொல்லிக்குடுக்கறவங்க. எதுக்கு?"

வெளிச்சம் மோசம், கண்ணாடி மாற்ற வேண்டும், துணி சரியில்லை என்று மூன்று காரணம் வெல்டாவின் நாக்கு நுனி வரை வந்தது. காற்று சட்டைக்குள் புகுந்து எலும்பைத் தொட்டது.

"என் பொண்ணு அன்னிக்குக் கடல்ல மாட்டிக்கிட்டா. பயந்துட்டேன்" என்றாள். "அவ திரும்பி வர மாட்டான்னே நெனச்சுட்டேன். ஒரு ஓட்டைய விட்டாலும் அது வழியா அவ போயிடுவான்னு தோணிச்சு. கிறுக்குத்தனம்தான். யார்கிட்டயும் சொல்லல. லோரன் கிட்டக்கூடச் சொல்லல."

கணவன் பெயரைச் சொல்லும்போது குரல் உடைந்தது. அறுபத்தோரு வருஷத்தில் டோரி கோவ் கேட்டிராத குரல் அது. பாலெட் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கோபம் முழுசாகப் போய்விடவில்லை, அது அவள் உதட்டில் இருந்தது. ஆனாலும் சுரண்டுகோலைக் காருக்குள் எறிந்தாள்.

"நடங்க மேல. கோட்டு இல்லாம வந்து நிக்கறீங்க. அங்க விட்டுட்டு வந்த கோட்டை இந்நேரம் நாடாவா கிழிச்சிருப்பாங்க."

மேலே போனதும் வெல்டா எல்லாவற்றையும் சொன்னாள். டானாவை, ஜன்னலை, தேவாலய வாசலில் விட்ட பொய்யை. நின்றுகொண்டே, யாரையும் ஒரு வார்த்தை பேச விடாமல், பேருந்தில் பிள்ளைகளை அதட்டும் குரலில் சொல்லி முடித்தாள். கடைசியில், "பாலெட்டப் பார்த்துச் சிரிச்சீங்க இல்ல, இப்ப என்னப் பார்த்துச் சிரிங்க" என்றாள். யாரும் சிரிக்கவில்லை. இரண்டு பேர் மூக்கைச் சிந்தினார்கள். டோரி கோவில் நவம்பர் மாதத்தில் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்காராதவள் யார்?

விரிப்பை மறுபடி சட்டத்தில் ஏற்றினார்கள். வெல்டா கலங்கரை விளக்கத்துக்குக் கீழே உட்கார்ந்து, முதல் வரிசையின் நுனியைக் கொக்கியால் நெம்பி இழுத்தாள். நாடா சுருண்டு சுருண்டு வந்தது. ஆகஸ்ட் மாதத்துக் கடல், நிறம் மாறாமல். அதைப் பாலெட்டிடம் நீட்டினாள். பாலெட் வாங்கி விரலால் நீவி, வலது மூலையில் முதல் கண்ணியை இழுத்தாள். ஒன்று இழுத்தாள், ஒன்று விட்டாள்.

நான்காவது வரிசையை உருவப் போகும்போது ஏர்லீன் வந்து வெல்டாவின் மணிக்கட்டைப் பிடித்தாள். அவள் கண்ணும் கலங்கியிருந்தது.

"மூணு வரிசைக்கு ஒண்ண உருவினாலே மூலைக்குப் போதும்டி. மீதி தானா படிஞ்சுரும். எல்லாத்தையும் பிரிச்சு எதுக்குத் திரும்பப் போடற? உன் பயம் அதுல இருக்கு. இருந்துட்டுப் போகட்டுமே, எங்களுக்கு அதுதான் அழகாத் தெரியுது."

"இது நம்ம வீட்டு விரிப்பு இல்ல, ஏர்லீன். டாக்டர் கூப்பிடற வரைக்கும் சனங்க அது முன்னாடிதான் உக்காந்திருக்கப் போறாங்க. அவங்கவங்க பயத்த அவங்கவங்க கையோட கொண்டு வருவாங்க. என்னோடதையும் சேர்த்து அங்க மாட்டணுமா? கைய எடு."

ஏர்லீன் கையை எடுத்துக்கொண்டாள்.