வாசல், காலை ஐந்து நாற்பது

கூடத்தில் கிடத்தியிருந்த கணவரின் நகத்திடுக்கில் ஒட்டியிருந்த மண்ணை ஊக்கு முனையால் கெல்லிக்கொண்டிருந்தாள் அவள். இடது கை முடிந்து வலது கைக்கு வந்தபோது யாரோ, "விடும்மா, நாலு மணிக்கு வண்டி வந்துடும்" என்றார்கள். வரட்டுமே. அழுக்கு நகத்தோடு அந்த மனுஷனை அனுப்ப அவளுக்கு மனசில்லை.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. அகழாய்வுக் குழிக்குள் குந்தி உட்கார்ந்து தூரிகையால் மண்ணைத் தள்ளிக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். வயது நாற்பத்தாறு. இரண்டு படகில் கால் வைப்பவர்களை உலகம் பார்த்திருக்கிறது. அவள் கணவர் மூன்றில் வைத்தார். வார நாட்களில் குடிநீர் வாரியத்தில் புகார் மேசை. ஞாயிறுதோறும் தொல்லியல் படிப்பு. விடுப்பு கிடைத்தால் ஒரு பயணம், அதைப் பத்திரிகையில் தொடராக எழுதுவது. எப்போது தூங்கினார் என்பது அவருக்கே வெளிச்சம்.

நான்காவது படகு வீட்டில் கிடந்தது. படுத்த படுக்கையான அவருடைய அப்பா. அதை அவள் ஒருத்தியே தள்ளினாள். அதனால் எந்த ஊருக்கும் அவள் போனதில்லை. 'நான் போகாத ஊரை நான் எதுக்குப் படிக்கணும்?' என்று மூன்று வருஷமாக அவர் எழுதிய ஒரு வரியைக்கூடத் தொட்டதுமில்லை. ரோஷக்காரி.

அலுவலகத்தில் அவருக்குப் பக்கத்து மேசைக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்து நின்றார்.

"எங்க ஆபீஸே உங்க ரசிகர்தாம்மா. அந்த லைட்ஹவுஸ்ல பாதிப் படியில உக்காந்துக்கிட்டு, 'நீங்க போய்ப் பாத்துட்டு வந்து சொல்லுங்க, நம்பிக்கிறேன்'னீங்களே. வயிறு வலிக்கச் சிரிச்சோம்."

"நானா?"

"எல்லா ஊருக்கும் சேர்ந்துதானே போனீங்க? 'நானும் என் மனைவியும்'னுதானே கட்டுரையை எப்பவும் ஆரம்பிப்பார்."

மனைவி இங்கே மாமனாருக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். அப்படியானால் படியில் உட்கார்ந்தவள் யார்? கிடந்தவரின் தோளைப் பிடித்து உலுக்கிக் கேட்க வேண்டும் போலிருந்தது. இன்னும் ஒரு மணி நேரத்தில் ஆளையே கொண்டுபோய்விடுவார்கள்.

அவருடைய தோள்பையை மடியில் வைத்துக்கொண்டு ஓரமாக ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். கூடப் படிப்பவள். நேற்று போன் பண்ணி விஷயத்தைச் சொன்னவளும் அவள்தான். அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துச் சமையலறைக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினாள்.

"மறைக்காம சொல்லு. அவரோட ஊர் ஊராப் போனது நீதானே?"

"ஐயோ அண்ணி!" அந்தப் பெண்ணுக்கு முகம் வெளுத்துவிட்டது. "அண்ணன் எப்பவும் தனியாத்தான் போவார்." அவசரமாகப் பையைத் துழாவி ஒரு குறிப்பேட்டை எடுத்துக் கடைசிப் பக்கங்களைப் புரட்டினாள். "குழியில ஒரு ஓட்டுத்துண்டு கிடைச்சாக்கூட, எந்த இடம், எத்தனை மணின்னு எழுதிட்டுத்தான் எடுப்போம். அண்ணன் பின்பக்கத்துல வேற ஏதோ எழுதிட்டே இருப்பார். கேட்டா சிரிப்பார். நீங்களே பாருங்க."

கட்டம் கட்டமாகக் கோடு போட்டிருந்தது. அவருடைய பொடிப் பொடிக் கையெழுத்து.

எண் 88. இடம்: சமையலறை. காலை 7.10. "நீங்க போய்ப் பாத்துட்டு வந்து சொல்லுங்க, நம்பிக்கிறேன்." எதற்கு: கலங்கரை விளக்கம்.

எண் 131. இடம்: துணிக்கொடி அருகே. மாலை 6.00. "என்னைவிட இந்தச் செருப்புக்குப் பொறுமை ஜாஸ்தி." எதற்கு: கோட்டை மதில்.

பக்கம் பக்கமாக அவள்தான். சலித்துக்கொண்டது, குத்திக்காட்டியது, அவர் காதிலேயே விழவில்லை என்று நினைத்து அவள் புலம்பியது எல்லாமே. பாவி மனுஷன்! அவளுக்கு மூச்சு வந்தது. அழுகையும் கூடவே வந்தது. கடைசிப் பதிவைப் பார்க்கும்வரை.

எண் 212. இடம்: வாசல். காலை 5.40. "போனா அங்கேயே கிடங்க, வராதீங்க." எதற்கு: அடுத்த கட்டுரை. நல்ல சிரிப்பு.

நேற்று காலை சொன்னது. முந்தின ராத்திரி முழுக்க மாமாவுக்கு இருமல். அவளுக்குப் பொட்டுத் தூக்கமில்லை. இவரோ பையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

"சிரிப்புக்குச் சொல்லலம்மா," என்றாள். "வெறுத்துப்போய்ச் சொன்னேன். மனசாரச் சொன்னேன். இதை அழிச்சுடு. ரப்பர் இருக்கா?"

"பதிஞ்சதை அழிக்கக் கூடாது அண்ணி. தப்பா இருந்தா கீழ புதுசா ஒண்ணு எழுதணும். அதுதான் முறை."

வாசலில் ஹார்ன் சத்தம் கேட்டது. கூடத்தில் நாற்காலிகளை இழுத்தார்கள். நான்கு பேர் குனிந்து தூக்கினார்கள். உள்ளறையிலிருந்து மாமாவின் குரல் வந்தது. "அவன் கிளம்பிட்டானாம்மா?"

"கிளம்பிட்டார் மாமா."

சொல்லிவிட்டு வாசலுக்கு ஓடினாள். அந்தப் பெண்ணும் பின்னாலேயே ஓடி வந்தாள்.

"எழுது," என்றாள் அவள். "எண் இருநூத்திப் பதிமூணு. இடம், வாசல். மணி என்ன?"

"நாலு அஞ்சு அண்ணி."

"போடு."

அந்தப் பெண் குறிப்பேட்டைச் சுவரில் வைத்து எழுதினாள். வண்டியின் கதவைச் சாத்தினார்கள்.

"என்ன சொன்னீங்கன்னு எழுத அண்ணி?"

அவள் வாயைத் திறந்தாள். வண்டி மெல்ல நகர்ந்து, தெருமுனையில் ஒரு சைக்கிளுக்காக நின்று, திரும்பிப் போனது. பென்சிலைத் தாளில் வைத்தபடி அந்தப் பெண் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.