பாதியில் மூடத் தெரியாதவள்

சாருலதாவுக்குப் புத்தகத்தைப் பாதியில் மூடி வைக்கத் தெரியாது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். மயிலாப்பூர் சித்திரக்குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில், மாடிப் போர்ஷனில் அவர்கள் குடியிருந்தார்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்தவள் பையைக்கூடக் கழற்றாமல் மாடிப்படியிலேயே உட்கார்ந்து படிக்க ஆரம்பித்துவிடுவாள். கீழ்வீட்டுக்காரர்கள் அவளைத் தாண்டித் தாண்டிப் போய் வருவார்கள். தட்டில் பிசைந்த மோர்சாதம் காய்ந்து வெடிக்கும். தங்கை மாளவிகா வந்து பக்கத்தில் நின்று கத்தினாலும் காதில் விழாது. "சாருவைக் கூப்பிடணும்னா புஸ்தகத்துக்குள்ள போய்த்தான் கூப்பிடணும்" என்று அம்மா அலுத்துக்கொள்வாள்.

வாரப்பத்திரிகையில் தொடர்கதை முடிந்ததும் அப்பா அந்தப் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து, அட்டை போட்டு பைண்ட் செய்து வைப்பார். அந்த வாசனையே அவளுக்குப் பிடிக்கும். பசையும் பழைய காகிதமும் கலந்த வாசனை. மந்தைவெளி லெண்டிங் லைப்ரரியில் ஒரு ஆளுக்கு இரண்டு புத்தகம் என்று கணக்கு. மாளவிகாவின் பெயரிலும் கார்டு போட்டு நான்காக எடுத்து வருவாள். காலேஜில் படித்த காலத்தில் பஸ்ஸில் நின்றுகொண்டே ஒரு கையால் கம்பியைப் பிடித்து மறு கையால் பக்கத்தைத் திருப்பப் பழகியிருந்தாள். இறங்க வேண்டிய இடம் தாண்டிப் போய்த் திரும்பி நடந்து வந்ததெல்லாம் அடிக்கடி நடந்தது.

எத்தனை படித்தாலும் திரும்பத் திரும்ப அவள் போய் நின்றது சில புத்தகங்களிடம்தான். ரஷ்ய மொழியிலிருந்து வந்த ஒரு தடிப் புத்தகம்; பனியில் அகப்பட்டுக்கொண்ட ஊரில் ஒரு மருத்துவச்சி வீடு வீடாகப் போகிற கதை. சென்னை வெயிலில் ஃபேன் இல்லாத அறையில் அதைப் படிக்கும்போது அவளுக்கு நிஜமாகவே கால் சில்லிடும். அப்பா பைண்ட் செய்த ராஜா காலத்துத் தொடர்கதை ஒன்று. அதில் கதையைவிட ஓரத்தில் அச்சான துணுக்குகளும் விளம்பரங்களும் அவளுக்கு மனப்பாடம். எதைப் படித்தாலும் கடைசிப் பக்கம் வரை போயாக வேண்டும். கதையில் வருகிறவர்களை நட்டாற்றில் விட்டுவிட்டு எழுந்து போவது பாவம் என்று தோன்றும். இதை ஒருமுறை மாளவிகாவிடம் சொன்னாள். அவள் சிரித்தாள்.

தொண்ணூற்று இரண்டில் அவளுக்குக் கல்யாணமானது. மாப்பிள்ளை ஸ்ரீநாத்துக்கு பேங்க் வேலை. அபிராமபுரத்தில் மாடி வீடு. அப்பா இல்லை, அம்மா கோமளம் மட்டும். ஸ்ரீநாத்துக்குச் செய்தித்தாளின் கிரிக்கெட் பக்கத்துக்கு மேல் படிப்பில் நாட்டமில்லை என்றாலும், கல்யாணமான வாரமே ஒரு மர அலமாரி வாங்கிப் போட்டான். அவள் பிறந்த வீட்டிலிருந்து ஆட்டோவில் புத்தகங்களை ஏற்றி வந்தபோது கோமளம் ஒவ்வொன்றாகத் துடைத்து எடுத்துக்கொடுத்தாள். மாமியார் கொடுமை என்று சொல்ல அந்த வீட்டில் எதுவும் கிடையாது. மத்தியானம் வேலை முடிந்ததும் கோமளம் உபன்யாசம் கேட்கக் கிளம்பிவிடுவாள். சாருலதா கட்டிலில் சுவரோடு சாய்ந்து படிப்பாள். அது அவளுடைய நேரம். உண்டானபிறகும் அது மாறவில்லை. "ரொம்ப நேரம் ஒரே மாதிரி உக்காராதேடி, அப்பப்போ எழுந்து நட" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவாள் கோமளம்.

ஏழாம் மாதம் பிறந்திருந்தது. வளைகாப்புக்கு நாள் பார்த்தாகிவிட்டது. அந்த வாரம் லைப்ரரியிலிருந்து ஒரு வங்காள நாவலின் மொழிபெயர்ப்பை எடுத்து வந்திருந்தாள். ஒரு மாமரத்துக்காகச் சண்டை போட்டு வருஷக்கணக்காகப் பேசாமலிருக்கும் இரண்டு அண்ணன் தம்பிகளின் கதை. அண்ணன் சாகக் கிடக்கிறான். தம்பி படகில் வந்துகொண்டிருக்கிறான். அந்த இடத்தில் இருந்தபோது அவளுக்கு அடிவயிற்றில் சுருக்கென்றது.

எழுந்து பாத்ரூமுக்குப் போனாள். பாவாடையில் துளி ரத்தம் இருந்தது. துளிதான். வேறு பாவாடை கட்டிக்கொண்டு, அதை அலசிப் பின்பக்கத்துக் கொடியில் போட்டாள். கீழ்வீட்டு ஜானகி வீட்டில் ஃபோன் இருந்தது. இறங்கிப் போய் பேங்குக்கு ஒரு ஃபோன் செய்திருக்கலாம். ஜானகியிடம் சொல்லியிருந்தால் அவளே ஆட்டோ பிடித்திருப்பாள். படுத்திருந்தால் சரியாகிவிடும், உபன்யாசத்துக்குப் போன மாமியார் வந்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்று சாருலதா நினைத்தாள். நினைத்துக்கொண்டே புத்தகத்தை எடுத்தாள். இன்னும் கொஞ்சம் பக்கங்கள்தான் பாக்கி.

வலி வந்தது, போனது, வந்தது. வரும்போது பல்லைக் கடித்துக்கொண்டு அதே வரியில் நின்றாள். விட்டதும் மேலே போனாள். தம்பி வந்து சேர்ந்துவிட்டான். அண்ணன் அவன் கையைப் பிடித்துக்கொண்டு, மரம் இந்த வருஷம் காய்த்ததா என்று கேட்டான். சாருலதா அழுதாள். அப்படி ஒரு நல்ல அழுகை. புத்தகத்தை மூடி மார்பில் வைத்துக்கொண்டு, எழுதியவன் எவ்வளவு அழகாக முடித்துவிட்டான் என்று நினைத்ததுகூட அவளுக்கு ஞாபகமிருக்கிறது. அப்புறம் எழுந்திருக்கப் பார்த்தாள். முடியவில்லை.

கோமளம் வந்து பார்த்தபோது கட்டில் நனைந்திருந்தது. "எப்போலேர்ந்துடி வலி?" என்று கேட்டாள்.

"இப்போதாம்மா" என்றாள் சாருலதா.

ஆண் குழந்தை. அழவில்லை. ஸ்ரீநாத்தும் அவளுடைய அப்பாவும் எடுத்துக்கொண்டு போய்விட்டு வந்தார்கள். எங்கே என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் டாக்டரம்மா தனியாக வந்தபோது, இன்னும் கொஞ்சம் சீக்கிரம் வந்திருந்தால் பிழைத்திருக்குமா என்று சாருலதா கேட்டாள். டாக்டர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டு, நஞ்சுக்கொடி முன்னாடியே பிரிந்துவிட்டது, சில பேருக்கு அப்படி ஆகிவிடுகிறது என்று விளக்கினார். "எப்ப வலி ஆரம்பிச்சுது உங்களுக்கு?"

"மாமியார் வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடி."

"அப்ப ஒண்ணுமே பண்ணியிருக்க முடியாதும்மா. நீங்க உங்களைப் போட்டு வருத்திக்காதீங்க."

அந்த ஆறுதலை எல்லோரும் அவளுக்குத் திருப்பித் திருப்பிச் சொன்னார்கள். அம்மா சொன்னாள். மாளவிகா சொன்னாள். ஸ்ரீநாத் அவள் தலையைத் தடவிக்கொண்டு சொன்னான். அவள் சொன்ன பொய்யின் மேல் நின்றுகொண்டிருந்த ஆறுதல் அது. ஒவ்வொரு முறையும் தலையாட்டினாள்.

பிறந்த வீட்டில் ஒன்றரை மாதம் இருந்தாள். அவளுக்குப் பொழுது போகட்டும் என்று மாளவிகா லைப்ரரியிலிருந்து புதுப் புத்தகங்களாகக் கொண்டுவந்து தலைமாட்டில் வைத்தாள். சாருலதா எடுத்துப் பிரிப்பாள். எழுத்து தெரியும், வாக்கியம் புரியும். ஒரு பக்கம் போவதற்குள் வயிறு இறுகும். காதைத் தீட்டிக்கொண்டு உடம்புக்குள் கேட்க ஆரம்பித்துவிடுவாள். அங்கே கேட்பதற்கு ஒன்றுமில்லை. பால் மட்டும் சில நாள் கட்டிக்கொண்டு வலித்தது. அதுவும் நின்றது.

அபிராமபுரத்துக்குத் திரும்பி வந்தபோது அலமாரி காலியாக இருந்தது. புத்தகம் இருந்த தட்டுகளில் போர்வைகளும் கொலுப்பெட்டியும் இருந்தன. ஸ்ரீநாத் அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். அம்மாதான் பழைய பேப்பர்காரனைக் கூப்பிட்டுப் போட்டுவிட்டாளாம். அந்த அறையில் நுழைந்தாலே சாருவுக்கு எல்லாம் ஞாபகம் வரும் என்றாளாம். அவனுக்கும் அப்போது சரியென்று பட்டதாம். உனக்கு வேணும்னா திரும்ப வாங்கிக்கலாம் என்றான். அப்பா பைண்ட் செய்த தொடர்கதையைத் திரும்ப எங்கே வாங்குவது என்று அவனுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

அவள் கத்துவாள், அழுவாள் என்று அவன் எதிர்பார்த்திருக்க வேண்டும். அவளும் தனக்குள் அதற்காகக் காத்திருந்தாள். வந்தது வேறு. அப்பாடா என்று இருந்தது. இருபது வருஷமாகச் சேர்த்ததெல்லாம் எடைக்குப் போயிருக்கிறது, அப்பாடா என்றிருக்கிறதே என்று தன்னைப் பார்த்தே அவளுக்குப் பயம் வந்தது.

ஆடி வெள்ளிக்கிழமை. கபாலி கோயிலுக்குப் போய்விட்டு லஸ் வழியாக நடந்து வந்தாள். நடைபாதையில் பழைய புத்தகக் கடை போட்டிருந்த மெஹபூப் அலியை அவளுக்குக் காலேஜ் நாளிலிருந்து தெரியும். தார்ப்பாயில் குவித்திருந்த புத்தகங்களைப் பார்க்காமல் தாண்டிவிடத்தான் நினைத்தாள். ஓரத்தில் பாவாடை தாவணியில் ஒரு பெண் குந்தி உட்கார்ந்திருந்தாள். மடியில் அப்பாவின் தொடர்கதை. புத்தக முதுகில் அவர் ஒட்டிய பச்சைத் துணி கிழிந்து தொங்கியது.

அந்தப் பெண் தலை நிமிரவில்லை. பக்கம் திரும்பிக்கொண்டே இருந்தது. ஸ்டாப்பில் ஒரு பஸ் வந்து நின்றது. கூட இருந்த தோழி ஓடிப்போய் ஏறிக்கொண்டு, ஜன்னலிலிருந்து அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். இரண்டு தரம் கூப்பிட்டாள். பஸ் போய்விட்டது. அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. வாய் லேசாகத் திறந்திருந்தது.

"இன்னாம்மா, ரொம்ப நாளா ஆளையே காணோம்" என்றார் மெஹபூப் அலி. "உனக்குன்னே நல்ல புக்கா நாலு எட்த்து வெச்சிகீறேன், பாக்கறியா?"

சாருலதா வேண்டாம் என்று தலையாட்டினாள். அந்தப் பெண்ணின் தோளைத் தொட்டு உலுக்க வேண்டும் போலிருந்தது. மூடு, எழுந்திரு, வீட்டுக்குப் போ என்று சொல்ல வேண்டும் போலிருந்தது. கை வரவில்லை. வீடு வரை எப்படி நடந்தாள் என்று அவளுக்கு நினைவில்லை.

கோமளம் கூடத்தில் உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். ஸ்ரீநாத் இன்னும் வரவில்லை. சாருலதா செருப்பைக் கழற்றிவிட்டு நேராகப் போய் அவளெதிரில் தரையில் உட்கார்ந்தாள்.

"அம்மா, அன்னிக்கு வலி நான் சொன்ன நேரத்துல வரலை. நீங்க கிளம்பிப் போன கொஞ்ச நேரத்திலேயே வந்துடுத்து. ரத்தமும் பார்த்தேன். பார்த்துட்டுப் படிச்சிண்டிருந்தேன்."

கோமளம் அரிவாள்மணையை நகர்த்தி வைக்கவில்லை. கையிலிருந்த காயை நறுக்கி முடித்தாள்.

"தெரியும்" என்றாள். "கொடியில உன் பாவாடை தொங்கிண்டிருந்தது. அன்னிக்குச் சாயங்காலமே ஆஸ்பத்திரிக்குத் துணி எடுத்துண்டு போகலாம்னு வந்தப்போ தொட்டுப் பார்த்தேன். கறை லேசாத் தெரிஞ்சுது, துணி காஞ்சிருந்தது."

கோமளத்துக்கு இத்தனை நாளும் தெரிந்திருக்கிறது. ஆஸ்பத்திரியில் கஞ்சி புகட்டியபோது தெரியும். டாக்டர் சொன்னதை ஊருக்கெல்லாம் திருப்பிச் சொன்னபோதும் தெரியும்.

"ஏம்மா ஒரு வார்த்தை கேக்கலை?"

"கேட்டா குழந்தை வருமா?" கோமளம் தலை நிமிர்ந்தாள். கண்ணில் கோபமில்லை. வேறு எதுவும்கூட இல்லை. "ஸ்ரீநாத்துக்கு இது தெரிய வேண்டாம். அவன் தாங்க மாட்டான். உனக்கும் எனக்கும் தெரிஞ்சதோட இருக்கட்டும்."

சாருலதா அங்கேயே உட்கார்ந்திருந்தாள். ஒரு அறை விட்டிருக்கலாம். பாவி என்று சொல்லியிருக்கலாம். இல்லை, கிட்ட இழுத்து அணைத்துக்கொண்டு, போகட்டும் விடு என்றிருக்கலாம். எது நடந்தாலும் அழுது தீர்த்துவிடத் தயாராகத்தான் வந்திருந்தாள். கோமளம் அடுத்த காயை எடுத்து நார் உரித்தாள். புத்தகங்களைப் போட்டது தன் மேலிருந்த இரக்கத்தினாலா, வெறுப்பினாலா என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை. கோமளத்துக்கே அது தெரிந்திருக்குமா என்பது சந்தேகம்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் வெளிப்பார்வைக்கு எதுவும் மாறவில்லை. மாமியாரும் மாட்டுப்பெண்ணும் ஒற்றுமையாக இருப்பதாக ஜானகி எல்லோரிடமும் சொன்னாள். மறு வருஷம் சாருலதா மறுபடி உண்டானாள். மூன்றாம் மாதத்திலிருந்து கோமளம் உபன்யாசத்துக்குப் போவதை நிறுத்திவிட்டாள். முட்டி வலி என்றாள். மத்தியானங்களில் இருவரும் கூடத்தில் எதிரும் புதிருமாக உட்கார்ந்திருப்பார்கள். ஒருத்தி கையில் ஜபமாலை. இன்னொருத்தி வெறுங்கையோடு. சாருலதா முகத்தைச் சுளித்தால், காலை மாற்றிப் போட்டால், கோமளத்தின் விரல் மணியில் நிற்கும். ஒன்றுமில்லை என்று சாருலதா தலையசைத்த பிறகுதான் நகரும்.

ஒரு சனிக்கிழமை ஸ்ரீநாத் தி.நகரிலிருந்து ஒரு பொட்டலத்தோடு வந்தான். முகமெல்லாம் சிரிப்பு. கடைக்காரனிடம் விசாரித்து விசாரித்து வாங்கினானாம். புது நாவல், எல்லோரும் இதைத்தான் படிக்கிறார்களாம். கர்ப்பமாக இருக்கிறவள் மனசு சந்தோஷமாக இருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லவில்லையா என்றான். "நீ சும்மாவே உக்காந்திருக்கறதைப் பார்த்தா எனக்கு என்னமோ மாதிரி இருக்கு, சாரு."

அவள் வாங்கிக்கொண்டாள். கோமளம் ஜபமாலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நன்றாயிருக்கிறது என்று சாருலதா அட்டையைத் தடவினாள்.

அன்றிலிருந்து தினம் சாயந்திரம் ஆபீஸிலிருந்து வந்ததும், எவ்வளவு தூரம் வந்திருக்கிறாய் என்று அவன் கேட்பான். "போயிண்டிருக்கு, நன்னாயிருக்கு" என்பாள் அவள். அவன் வரும் நேரத்துக்குச் சற்று முன்னால் அலமாரியிலிருந்து புத்தகத்தை எடுத்து, உள்ளே இருந்த நூல் அடையாளத்தைச் சில பக்கங்கள் தள்ளி வைத்துவிட்டு மூடுவாள். கண் எழுத்தின் மேல் விழாதபடி முகத்தைத் திருப்பிக்கொண்டு வைப்பாள். கோமளம் அதைப் பார்ப்பாள். பார்த்துவிட்டு அடுத்த மணியைத் தள்ளுவாள்.