எம்புட்டு வருசத்துக்கு

மும்பைக்காரர்கள் அனுப்பியிருந்த எக்செல் தாளில் பதினேழு கட்டங்களை மளமளவென்று நிரப்பிவிட்ட பிரபாகரன், பதினெட்டாவதில் நின்றுவிட்டார். ‘ஆனைக்குட்டம் விலக்கு ஷெட். இன்னும் எத்தனை வருடம் பயன்படுத்த உத்தேசம்?’ என்று கேட்டிருந்தது. சிவகாசியில் பட்டாசுப் பெட்டிகளும் லேபிள்களும் அச்சடிக்கும் அந்தக் கம்பெனியில் பத்தொன்பது வருடமாக அவர் கணக்கு எழுதுகிறார். மாதம் ஒரு லட்சம் வாடகை என்று ஒரு வரி எழுதினால் அந்த ஷெட்டின் சங்கதி முடிந்துபோகும். எத்தனை வருடம் என்று யாரும் கேட்டதில்லை.

போன வருடம் மும்பைக் கம்பெனி ஒன்று கால் பங்கை வாங்கியதிலிருந்து அவர்களுடைய கணக்கு முறைதான் இங்கேயும். அதன்படி, வாடகை இடத்தில் எத்தனை வருடம் இருக்கப்போகிறோமோ அத்தனை வருட வாடகையையும் இன்றைக்கே கடனாகக் காட்ட வேண்டும். மதுரையிலிருந்து வந்த ஆடிட்டர் இசைவாணி ஷெட்டைச் சுற்றிப் பார்த்தார். மூன்றடி ஆழத்துக்குக் கான்கிரீட் போட்டு நிறுத்தியிருந்த நாலு கலர் மிஷினைப் பார்த்தார். “பன்னிரண்டு வருஷமாவது இருப்பீங்க. வட்டியைக் கழிச்சு இன்றைய மதிப்புக்கு எண்பத்தாறு லட்சம் வரும் சார். புதுசா கடன் வாங்கலை. ஏற்கெனவே இருக்கிறதை எழுதுறோம், அவ்வளவுதான்” என்றார்.

முதலாளி ராஜபாண்டியன் அதை அவ்வளவுதான் என்று விடுகிறவர் இல்லை. சீசனுக்கு முன்னால் பேப்பர் வாங்க பாங்கில் கடன் லிமிட்டைக் கூட்டிக் கேட்டிருந்தார். இந்த நேரத்தில் கடன் ஏறினால் மேனேஜர் முகம் மாறும்.

“ஒரு வருசத்துக்குள்ளன்னா காட்ட வேண்டாமாம்ல?” என்று பிரபாகரனைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார்.

“ஆமா அண்ணாச்சி. ஆனா நம்ம நெசமாவே ஒரு வருசத்துல...”

“ஒரு வருசம்னு ஒப்பந்தம் அடிச்சு, அக்காகிட்ட கையெழுத்து வாங்கிட்டு வாங்க. வருசா வருசம் புதுப்பிச்சுக்கிடுவோம்.”

ஷெட் அவருடைய அக்கா சொர்ணலட்சுமியுடையது. அவள் புருஷன் வத்தல் வியாபாரத்துக்காகக் கட்டிய கிட்டங்கி அது. பதினோரு வருடத்துக்கு முன் அவர் மாரடைப்பில் போனபோது, பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு, “சும்மா கெடக்க வேண்டாம்க்கா, நான் எடுத்துக்கிடுதேன்” என்றார் ராஜபாண்டியன். காகிதம் எதுவும் கிடையாது. ஒரு மாதம்கூட வாடகை பிந்தியதும் கிடையாது. தம்பிதான் அக்காவைத் தாங்குகிறான் என்று சொந்தபந்தமெல்லாம் பேசும். அவரும் அதை நம்பினார். அந்த நம்பிக்கையில் பொய்யும் இல்லை. ஆனாலும் இந்தக் காகிதத்தோடு அக்கா முன்னால் போய் நிற்க அவருக்கு என்னவோ போலிருந்தது. பிரபாகரனை அனுப்பினார்.

விருதுநகர் வீட்டில் சொர்ணலட்சுமி மோர் கொடுத்தாள். “தம்பி சொகமா இருக்கானா? கால்வலி எப்படி இருக்கு?” என்று விசாரித்துக்கொண்டே கண்ணாடியை மாட்டினாள். படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிடுவாள் என்றுதான் பிரபாகரன் நினைத்திருந்தார். அவள் முதல் பக்கத்திலிருந்து விரல் வைத்துப் படித்தாள். மூன்றாம் பக்கத்தில் விரல் நின்றது.

“ஒரு வருசம்னு போட்டிருக்கீக?”

“ஆமாக்கா.”

“இது சும்மா காகிதமா? இல்ல, நெசமாவே ஒரு வருசந்தானா?”

சும்மாதான் அக்கா, போடுங்க என்று சொல்லிவிட்டால் வேலை முடிந்தது. அதைச் சொல்லத்தான் சம்பளம் என்றுகூட ஒரு கணம் அவருக்குத் தோன்றியது. ஆனால் அவள் கண்ணாடிக்கு மேலாக அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையில் சந்தேகம் இல்லை. ஏதோ நல்ல சேதி வரப்போகிறது என்பதுபோல ஓர் ஆவல் இருந்தது. அதுதான் அவரைக் கட்டிப்போட்டது.

“கையெழுத்துப் போட்டா நெசந்தான்க்கா” என்றார்.

சொர்ணலட்சுமி பேனாவை வாங்கினாள். “மக யோகேஸ்வரி ரெண்டு வருசமா கோயமுத்தூர்ல மசாலாப் பொடி கம்பெனி போட எடம் தேடிட்டு அலையுதா. நம்ம எடமே இருக்குன்னு அவகிட்ட சொல்ல எனக்கு வாய் வரல. தம்பிட்ட எப்படிக் கேக்க? வாடகை ஒழுங்கா குடுக்கான்.” கையெழுத்துப் போட்டாள். பிறகு, யாரும் கேட்காமலே, அதன் கீழே தன் குண்டு எழுத்தில் ஒரு வரி சேர்த்தாள்: ‘வருஷம் முடிந்ததும் இடத்தைக் காலி செய்து என்னிடம் ஒப்படைக்க வேண்டியது.’

ராஜபாண்டியன் அந்த வரியை இரண்டு தரம் படித்தார். முதலில் சிரித்தார். “என்ன ஓய், சொல்லலையா நீரு? பேப்பருக்குத்தான்னு?”

“அக்கா நெசமான்னு கேட்டாக அண்ணாச்சி. பொய் சொல்ல வரலை.”

அவர் கோபப்படுவார் என்று பிரபாகரன் காத்திருந்தார். அவர் கோபப்படவில்லை, அக்காவுக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் போட்டது தெரிந்து போட்டதா, கை தவறியதா என்று சொல்ல முடியாது.

“எக்கா, எடம் வேணும்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?”

“ஏலே, நீயுந்தான் எம்புட்டு வருசம் வச்சுக்கிடட்டும்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல? பதினோரு வருசம். நீயும் கேக்கல, நானும் சொல்லல. ஏதோ ஒரு காகிதம் வந்து கேக்க வேண்டியிருக்கு.”

பிறகு அவளே, “சாப்பிட்டியா?” என்று கேட்டுவிட்டு வைத்தாள்.

ஒப்பந்தத்தின் நகலைப் பார்த்த இசைவாணி போனில் கறாராகச் சொல்லிவிட்டார். ஒரு வருடம் என்றால் மிஷினை எங்கே கொண்டுபோகப் போகிறீர்கள் என்ற திட்டத்தைக் காட்ட வேண்டும். இல்லை, இங்கேயேதான் என்றால் அக்கா அதற்குச் சம்மதித்து எழுதிக் கொடுக்க வேண்டும், கடனையும் காட்ட வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் கட்டத்தை நிரப்புங்கள் சார். பிரபாகரன் அதை அப்படியே சொன்னார். மிஷினைத் தோண்டி எடுத்து வேறிடத்தில் நிறுத்த எத்தனை நாளாகும், எவ்வளவு ஆகும் என்று ராஜபாண்டியன் அன்று மாலையே ஒரு மெக்கானிக்கிடம் விசாரித்தார் என்பது பிரபாகரனுக்குப் பிறகுதான் தெரியவந்தது.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு ஷெட் வாசலில் ஓர் ஆட்டோ வந்து நின்றது. சொர்ணலட்சுமியும் அவள் மகள் யோகேஸ்வரியும் இறங்கினார்கள். பதினோரு வருடத்தில் அக்கா அந்த ஷெட்டுக்குள் வருவது அதுவே முதல்தடவை. வாசலில் செருப்பைக் கழற்றினாள். பேப்பர் கட்டு சுமந்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். “மாமா, நீளம் மட்டும் ஒருதடவை பாத்துக்கிடுதேன். ஒண்ணும் அவசரமில்ல” என்ற யோகேஸ்வரி பையிலிருந்து அளவு நாடாவை எடுத்தாள். மறுமுனையைப் பிடிக்க ஆள் தேடிச் சுற்றிலும் பார்த்தாள்.

ராஜபாண்டியன் போய் வாங்கிக்கொண்டார். நாடாவை இழுத்துக்கொண்டு கிழக்குச் சுவரைப் பார்த்து நடந்தார். நடுவில் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. மஞ்சளும் சிவப்புமாகப் பெட்டித் தாள்கள் ஒவ்வொன்றாக வந்து விழுந்துகொண்டிருந்தன. நாடா அதில் உரசிவிடாமலிருக்க அவர் கையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தார். இந்தப் பக்கம் யோகேஸ்வரியும் தூக்கினாள். மிஷினுக்கு மேலே நாடா விறைத்து நின்றது. “சொவரு வரைக்கும் போயிட்டீகளா மாமா?” என்று அவள் கத்திக் கேட்டது மிஷின் சத்தத்தில் அவருக்குக் கேட்டதாகத் தெரியவில்லை. சுவருக்கு இன்னும் நாலடி இருந்தது, நாடாவும் மிச்சமிருந்தது. அவர் அங்கேயே, கையை இறக்காமல் நின்றுகொண்டிருந்தார்.