இரண்டாம் பருவக் களப்பயணம்

இதைப் படிக்கப் போய்க் கடல் தாண்ட வேண்டுமா, இந்தக் குப்பைமேட்டை விட்டு ஓடுவதற்குத்தான் இத்தனை பாடு, கடைசியில் ஓடிப்போன இடத்திலிருந்து டிக்கெட் போட்டு இதே குப்பைமேட்டுக்குக் கூட்டிக்கொண்டு வருவார்களாம், நன்றாகப் பார்த்துப் படித்துக்கொள் என்று... கைபேசியில் பல்கலைக்கழகக் கையேட்டின் படத்தை இரண்டு விரலால் அகட்டிப் பார்த்தாள், சந்தேகமே இல்லை, எடைமேடைக் கூண்டின் உடைந்த ஜன்னலை அடைக்க அவளே ஆணியடிக்கச் சொன்ன பற்பசை விளம்பரத் தட்டி, பாதி வாயோடு இளிக்கிறது, உலகத்தில் வேறெந்தக் குப்பைக் கிடங்கு இப்படி இளிக்கும். கீழே 'இரண்டாம் பருவம், களப்பயணம்' என்று எழுதியிருக்கிறது, ஏதோ மலைவாசஸ்தலம் மாதிரி. பொதுக் கொள்கை முதுகலைக்கு அவளுக்கு இடம் கொடுத்திருப்பவை இரண்டு பல்கலைக்கழகங்கள், முழுச் செலவையும் ஏற்றுக்கொள்வது இது, இன்னொன்று பெயர் பெற்றது, சல்லிக்காசு தராது, அங்கே களப்பயணம் நாடாளுமன்றத்துக்கு, கோட்டு போட்டுக்கொண்டு. இன்று சாயங்காலத்துக்குள் ஒன்றுக்குச் சரி சொல்லியாக வேண்டும், தவறினால் இரண்டும் போச்சு, அப்புறம் ஓய்வு பெறும்வரை இந்தத் தகரக் கூரையின் கீழ் சுகாதார ஆய்வாளராக உட்கார்ந்து லாரிக்கு லாரி கையெழுத்துதான்...

சீ, என்ன எழுத்து இது, 'துடிப்பான சமூகம்', 'மாற்றத்தின் தலைவர்கள்', பக்கத்துக்குப் பக்கம் புல்லில் உட்கார்ந்து சிரிக்கிறார்கள், படிக்கிற பிள்ளை ஒன்றுகூட இல்லை, எந்நேரமும் புல்லில் கிடந்தால் பின்னால் ஈரம் ஏறாதா, தொண்டையில் சர்க்கரைப்பாகை ஊற்றியது போல ஒரு குமட்டல். அந்தப் பெயர் பெற்ற இடத்துக்கே போய்விடலாம் என்றால் கடனுக்கு ஜாமீன் கேட்டு அக்கா வீட்டுக்காரர் முன்னால் நிற்க வேண்டும், அது இதைவிடக் குமட்டல். காப்பீட்டு முகவர் அவர், உடம்பெல்லாம் சென்ட், எழுந்து போன நாற்காலியில் அடுத்த நாள் உட்காருகிறவருக்கும் தலைவலி வரும். போன வாரம் அம்மா அவரிடம் பெருமையாக, "சின்னவ பாலிசி படிக்க வெளிநாடு போறா மாப்பிள்ளை" என்றாள். அவர் பல்லைக் குத்திக்கொண்டே, "பாலிசிக்கு எதுக்கு அத்தை வெளிநாடு, ஞாயித்துக்கிழமை வரச் சொல்லுங்க, நானே சொல்லித் தர்றேன், கமிஷனும் வாங்கித் தர்றேன்" என்றார். அது வேற பாலிசி மாமா என்று இவள் சொல்ல, "எல்லாம் ஒண்ணுதாம்மா, ஆள் செத்தாத்தான் பணம் வரும்" என்று பல்குச்சியைத் தட்டின் ஓரத்தில் வைத்தார்... அந்தக் குச்சியை நினைத்தால் இப்போதும் அருவருப்பு, அவர் சொன்னதில் பாதி உண்மையாக இருப்பது அதைவிட அருவருப்பு.

இந்தப் படம் எடுத்த அன்றைக்கு அந்த வெளிநாட்டு மாணவர்களைச் சுற்றிக் காட்டியவளே இவள்தான், படத்தில் காணோம், கொஞ்சம் தள்ளி நில்லுங்கள் என்றபோது தள்ளி நின்றாளே, பிறகு எப்படி இருப்பாள். முழங்கால்வரை பூட்ஸ் போட்டு வேனிலிருந்து இறங்கியிருந்தார்கள். கிடங்கு லாரி ஓட்டும் ஏரோப்ளேன் அண்ணன், அவர் ஓட்டுகிற லட்சணத்துக்கு வைத்த பெயர், இங்கே ஒரு எலி தானாகவே நடந்து வந்து எடைமேடையில் ஏறி நின்றது, ரசீது கொடுத்து அனுப்பினோம் என்றார், மொழிபெயர்ப்பாளர் அதைச் சொல்ல, ஒரு பையன் பயபக்தியோடு எழுதிக்கொண்டான். அப்போதுதான் ஒரு பெண் லாரிக்குப் பின்னால் ஓடி வாந்தியெடுத்தாள், மன்னிக்கணும் மன்னிக்கணும் என்று ஒவ்வொருவரிடமும் சொன்னாள், இவளுக்கோ ஒரே வெறுப்பு, பெரிய இடத்து மூக்காக்கும், வராமலே இருந்திருக்கலாமே என்று... அப்படி என்னதான் வாந்தி வருகிற மாதிரி இருந்தது இங்கே?

"முகத்த ஏன் மேடம் இப்படி வச்சிருக்கீங்க, பல்லி விழுந்த காப்பியக் குடிச்ச மாதிரி." ஏரோப்ளேன் அண்ணன்தான், கையெழுத்துக்காகச் சீட்டை நீட்டிக்கொண்டு. சொன்னாள், படிக்கப் போனால் இங்கேயே திருப்பிக் கூட்டி வருவார்களாம் என்று. "நல்லதுதானே, லீவுல ஊருக்கு வர்ற செலவு மிச்சம். மூக்க மட்டும் பத்திரமாப் பாத்துக்குங்க. மஞ்சக்காமாலை வந்து நான் ரெண்டு மாசம் வீட்டோட கிடந்தேன்ல, திரும்பி வந்த அன்னைக்கு வாசல் கேட்டக்கூடத் தாண்டல மேடம், ஸ்டியரிங் மேலயே வாந்தி. என் லாரி, என் குப்பை, எனக்கே வந்துச்சு."

"இதுவும் அந்த எலிக் கதை மாதிரிதானாண்ணே?"

"எலி பொய்னு யாரு சொன்னா" என்று சீட்டை மடித்துக்கொண்டு போய்விட்டார். புளுகு மூட்டை, வாயைத் திறந்தால் பொய், காமாலையே பொய்யாக இருக்கும்... வாசலுக்கு வந்து நின்று மூச்சை நன்றாக இழுத்தாள், டீசல் வந்தது, ஈரமண் வந்தது, எதிரே மலையாக நிற்கிற குப்பையின் நாற்றம் மட்டும் வரவில்லை, மறுபடி இழுத்தாள், வரவில்லை. அக்கா வீட்டுக்காரரை அடுத்த தெருவிலேயே பிடித்துவிடுகிற மூக்கு, இங்கே எந்த வருடத்தில் வேலைநிறுத்தம் செய்தது, யாரும் சொல்லவில்லையே. விண்ணப்பக் கட்டுரையில் அந்த நாற்றத்தை ஒழிப்பதே என் வாழ்வின் லட்சியம் என்று எழுதி, அதற்குத்தானே இரண்டு பேரும் இடம் கொடுத்தார்கள்... ஜாமீன் கேட்டு அந்தப் பல்குச்சிக்கு முன்னால் நிற்பதற்கு இது மேல் என்று, முழுச் செலவும் தருகிற இடத்துக்கே சரியை அழுத்தினாள், திரை முழுக்க வண்ணக் காகிதம் பறந்து வாழ்த்துகள் என்று வந்தது, அதுவும் ஒரு அசிங்கம். போகட்டும், வேனிலிருந்து அந்தப் பிள்ளைகளோடு இறங்குவாள், புது மூக்கோடு, ஏரோப்ளேன் அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருப்பார், வாந்தி வந்தால்கூடப் பரவாயில்லை, துடைத்துக்கொள்ளலாம், துடைத்த பிறகு அந்தக் கைக்குட்டையைப் பையில் வைப்பதா, மூக்கிலேயே வைத்துக்கொண்டு நிற்பதா, அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போது...